மச்சாள் கழற்றிய மெனிபோல்ட்

கலியாணமாகிக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு நான் வந்த மறுநாள் காலை, எங்களுக்குப் பரிசாகக் கிடைத்திருந்த சுவர்க்கடிகாரம் சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகக் கிடந்தது. பல்சக்கரங்கள் ஒரு பக்கம், திருகாணிகள் ஒரு சோசரில், சுருள்வில் இன்னொரு சோசரில். அதன் முன்னால் என் கணவரின் அக்கா, தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயாமல், பூதக்கண்ணாடியைக் கண்ணோடு இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஓடாமல் நிண்டுட்டுதோ, மச்சாள்?” என்று கேட்டேன்.

“இல்லை. நல்லாத்தான் ஓடினது.”

“அப்ப ஏன் கழட்டினீங்கள்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்டது அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “உள்ளுக்கு எப்பிடி இருக்கெண்டு தெரியாமல் எப்பிடிச் சுவரில கொழுவிறது?” என்றார்.

மத்தியானத்துக்குள் கடிகாரம் சுவரில் ஏறிவிட்டது. ஆனால் நான் வெள்ளவத்தையிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியை அன்று திறக்கவில்லை. அதற்குள்ளும் எட்டிப் பார்ப்பாரோ என்று எனக்குப் பயம். பிறகுதான் தெரிந்தது, மற்றவர்களுடைய பெட்டியில் மச்சாளுக்கு எந்த அக்கறையும் இல்லை. ஓடுகிற பொருள், மூச்சு விடுகிற உடம்பு, இந்த இரண்டின் உள்பக்கம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

மச்சாள் டொக்டர். பெரிய ஆஸ்பத்திரி உத்தியோகத்தை விட்டுவிட்டு, வீட்டின் முன்னறையில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். கலியாணம் செய்யவில்லை. நானும் அவரும் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். வயதில் அவர் என்னைவிட எவ்வளவோ மூத்தவர், ஆனால் வேறு எந்தப் பெயரும் எங்களுக்குள் ஒட்டவில்லை.

டிஸ்பென்சரிக்கு வருபவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள், மட்டக்குளி மீன்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவர்களிடம் மச்சாள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“மருந்து குடிச்சனீங்களோ?”

“ஓம் டொக்டர்.”

“போத்தலைக் காட்டுங்கோ.”

போத்தல் வீட்டில் இருக்கிறது என்று சொன்னால், சரி, வாரும் போவம் என்று அந்த ஆளைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு மட்டக்குளிக்குப் போய்ப் போத்தலைப் பார்த்துவிட்டு வருவார். ஒருமுறை அப்படிப் போனபோது, மருந்துப் போத்தல் முழுதாக அலுமாரியின் மேலே இருந்தது. குடித்தேன் என்று சத்தியம் செய்த மீன்காரர் தலையைச் சொறிந்தார். மச்சாள் அவரை ஒரு சொல்லும் ஏசவில்லை. கரண்டி கேட்டு வாங்கி, முதல் வேளை மருந்தைத் தானே ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டில் தந்த வெறுந்தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தார். இந்தக் கதையை மட்டக்குளியில் எல்லாரும் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களும் நோய் வருத்தம் வந்தால் மச்சாளிடம்தான் வந்தார்கள்.

அந்தக் கார் கறுப்பு நிறம். நாலு பேர் இருந்தால் ஐந்தாவது ஆள் மடியில்தான் இருக்கவேண்டும். அதை ஓட்டுவதற்கு மச்சாள் எவ்வளவு ஆசைப்பட்டாரோ, அதைக் கழற்றுவதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டார். முக்கியமாக மெனிபோல்ட். காபரேட்டரில் கலக்கும் பெற்றோலையும் காற்றையும் எஞ்சினுக்குள் கொண்டுபோகும் அலுமினியக் குழாய்க்குத்தான் அந்தப் பெயர். எஞ்சினின் மூக்கு என்று மச்சாள் சொல்லுவார். மூக்கடைத்தால் மனிதருக்கு என்ன நடக்குமோ அதுதான் காருக்கும். இருமும், ஏறமாட்டாது, பாதி வழியில் நின்றுவிடும்.

பார்த்துப் பார்த்து அந்த வேலை எனக்கு மனப்பாடமாகிவிட்டது. முதலில் பற்றறி வயரைக் கழற்றுவார். பிறகு பெற்றோல் வரும் சின்னக் குழாய், அதற்குப் பிறகு காபரேட்டர். மெனிபோல்ட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் முதல் நாள் பின்னேரமே எண்ணெய் விட்டு ஊறவைத்திருப்பார். ஒரே நட்டை ஒரேயடியாகக் கழற்றமாட்டார். அதைக் கொஞ்சம், இதைக் கொஞ்சம் என்று மாறி மாறி இளக்குவார். குழாய் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் சுத்தியலால் அடிப்பதில்லை, ஒரு மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டுவார். அது கையோடு வந்தவுடன் எஞ்சினில் இரண்டு துளைகள் வாயைத் திறந்தபடி தெரியும். உடனே இரண்டிலும் பழைய துணியைச் சுருட்டி அடைத்துவிடுவார். ஒரு மணல் விழுந்தாலும் உள்ளே போய் எஞ்சினைத் தின்றுவிடும் என்று சொல்லுவார்.

பிறகு மண்ணெண்ணெய்த் தட்டு. குழாயை அதில் ஊறப்போட்டுப் போத்தல் கழுவும் பிரஷை உள்ளே விட்டுத் தேய்த்தால், கறுத்துப் பிசுபிசுத்த கசடு கட்டி கட்டியாக வரும். நான் ஒருநாள் உதவி செய்கிற நினைப்பில் சலவைச் சோடா கரைத்த சுடுதண்ணீரைக் கொண்டுவந்தேன். “ஐயோ, மச்சாள், அது அலுமினியத்தை அரிச்சுப்போடும்” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கழுவியபின் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார். அந்தப் பார்வையை நான் வேறு இடத்திலும் கண்டிருக்கிறேன். பிள்ளைகளின் தொண்டையைப் பார்க்கும்போதும் அதே முகம்தான்.

ஒருகொடவத்தையில் கராஜ் வைத்திருந்த சிங்களவர் ஒருவரிடம்தான் மச்சாள் இதையெல்லாம் பழகினார். எல்லாரும் அவரைப் பாஸ் என்றே கூப்பிடுவார்கள். முதலில் அவருக்கு மச்சாள் மேல் எரிச்சல். காரை விட்டுவிட்டுப் போகாமல், பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் திறந்து காட்டச் சொல்லுகிற பெண்ணை அவர் அதற்கு முன் கண்டதில்லை. கொஞ்ச நாளில் அந்த எரிச்சல் ஒரு விளையாட்டாக மாறியது. எதையும் பூட்டுவதற்கு முன்னால், “நோனா, வஹன்னத?” என்று கேட்பார். அம்மா, மூடட்டுமா என்று அர்த்தம். மச்சாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, “பொட்டக் இன்ன, பாஸ்” என்று ஓடி வருவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு உள்ளே தலையை விடுவார். பிறகு பிறகு பாஸ் மற்றவர்களின் கார்களைப் பூட்டும்போதும் அப்படி ஒருதரம் நிறுத்திப் பார்க்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். அது அவருக்கே சிரிப்பாக இருந்தது.

மச்சாளுக்குக் கலியாணம் ஆகாததற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம் என்று எங்கள் சொந்தக்காரர்கள் சொல்லுவார்கள். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன் நடந்தது அது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்ததாம். மாப்பிள்ளை படித்தவர், நல்ல உத்தியோகம். பெண் பார்க்க வந்து விறாந்தையில் இருந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், இடையிடையே இருமினாராம். பெரியவர்கள் சீதனம் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, மச்சாள் எழுந்து உள்ளே போய் ஸ்டெதஸ்கோப்போடு வந்து, “சேர்ட்டைக் கொஞ்சம் கழட்டுங்கோ” என்றிருக்கிறார்.

மாப்பிள்ளையின் தாய் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம். ஆனால் மாப்பிள்ளை எழவில்லை. மச்சாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, சேர்ட்டுப் பொத்தான்களைக் கழற்றினாராம். நெஞ்சிலும் முதுகிலும் வெகுநேரம் கேட்டபிறகு மச்சாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னார். அந்தக் கலியாணம் நடக்கவில்லை. அந்த மனிதர் அடுத்த கிழமையே எக்ஸ்ரே எடுத்தார். நுரையீரலில் காசநோய் தொடங்கியிருந்த நேரம். மாதக்கணக்கில் சனற்றோரியத்தில் கிடந்து பிழைத்து வந்து, வேறு பெண்ணைக் கட்டி, பிள்ளைகளும் பெற்றார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்கள் வீட்டுக்கு அவரிடமிருந்து ஒரு பெட்டி பனங்கட்டி வரும். மச்சாள் அதை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார். “என்ட பழைய மாப்பிள்ளை அனுப்பினது, சாப்பிடுங்கோ” என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

ஆனால் சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு. அதை மச்சாள் என்னிடம் ஒரே ஒருதரம்தான் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை அறையில் உதவி டொக்டராக இருந்த காலம். மேசையில் வயிறு திறந்த நிலையில் ஒரு கிழவர். வெட்டி முடிந்து தைக்கப் போகிற நேரம். இரத்தம் ஒற்றுகிற பஞ்சுத்துணிகள் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று பார்த்துச் சொல்லவேண்டிய தாதி, சரி என்று சொல்லிவிட்டார். மச்சாளுக்கு ஒன்று குறைவதாகப் பட்டது. சொன்னார். வெள்ளைக்காரப் பெரிய டொக்டர் கேளாதவர் போல ஊசியை வாங்கினார். அப்போது மச்சாள் தன் உள்ளங்கையை அந்தக் காயத்தின் மேல் விரித்து வைத்துவிட்டார். கையை எடு என்று அவர் கத்தினாராம், தேடினபிறகு எடுக்கிறேன் என்று மச்சாள் சொன்னாராம்.

தேடினார்கள். வயிற்றுக்குள் எதுவும் இல்லை. அந்தத் துணி ஒரு வாளியின் அடியில், வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது.

“பிறகு?” என்று கேட்டேன்.

“பிறகென்ன, தைச்சம். கிழவர் சுகமாகி வீட்ட போனார். என்னை வெளிநோயாளர் பக்கம் மாத்திப்போட்டாங்கள். திரும்ப அந்த அறைக்குள்ள விடேல்லை. கொஞ்ச நாள் பாத்திட்டு நானே விட்டிட்டு வந்திட்டன்.”

“உங்களுக்கு வெக்கமா இருக்கேல்லையோ, மச்சாள்? உள்ளுக்கு இல்லைத்தானே?”

“உள்ளுக்கு இல்லையெண்டு அதுக்குப் பிறகுதானே தெரியும்” என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் அன்று முழுவதும் அவர் வேறு எதுவும் கதைக்கவில்லை. சத்திரசிகிச்சை அறையை அவர் எவ்வளவு நேசித்தார் என்று அந்த மௌனத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

யுத்தம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உயிர்த்தெழுந்த திருநாள் பூசை நேரத்தில், ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். எங்கள் வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த கடதாசிக் கீலங்கள்தான் அவற்றை உடையாமல் காப்பாற்றின. அடுத்த நாட்களில் கொட்டாஞ்சேனை வெறிச்சோடிப் போனது. மெத்தையும் பானையும் ஏற்றிய மாட்டுவண்டிகள், றிக்ஷாக்கள், கைவண்டிகள் எல்லாம் ஊரைவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன. வாடகைக் கார்களை மருந்துக்கும் காணவில்லை. பாஸ்கூடக் கராஜைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். யாழ்ப்பாணம் போவோம் என்று என் கணவர் நச்சரித்தார். நீங்கள் போங்கோ, எனக்கு இங்க ஆக்கள் இருக்கினம் என்றார் மச்சாள். அவர் போகாததால் நாங்களும் போகவில்லை.

கார் வேறு மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது. கூப்பனுக்குக் கிடைத்த பெற்றோலில் யாரோ மண்ணெண்ணெய் கலந்திருக்கவேண்டும். ஏற்றத்தில் இருமி இருமி நின்றது. மச்சாள் ஒரு காலையில் முற்றத்தில் காரை நிறுத்தி மெனிபோல்ட்டைக் கழற்றிவிட்டார். என்னுடைய பழைய நீலச் சேலையில் இரண்டு துண்டு கிழித்துத் துளைகளை அடைத்தார். குழாயைக் கழுவி முடித்து, மூட்டுக்கு இடையில் வைக்கத் தடித்த கடதாசியில் புதுக் காஸ்கட் வெட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சலீம் நானா செருப்பில்லாமல் ஓடி வந்தார். அவர் இரும்புச் சாமான் கடைக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். நிறைமாதக் கர்ப்பிணியான அவருடைய மகள் நூரியா தாய்வீட்டுக்கு வந்திருந்தாள்.

“டொக்டரம்மா, புள்ளக்கி வலி வந்தீக்கி. மருத்துவிச்சியும் ஊர விட்டுப் போயிட்டா. கொஞ்சம் வாங்களேன்.”

மச்சாள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு போனார். போகும்போது தம்பியிடம், “காஸ்கட்டை வெட்டி முடிச்சு மெனிபோல்ட்டைப் பூட்டு. நடு நட்டை முதல் முறுக்கு, பிறகு ஓரத்தை” என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் சுங்கத்தில் கிளாக்கர். அக்காவோடு கூட நின்று இந்த வேலை அவருக்கும் தெரியும்.

மச்சாள் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றார். வீட்டில் பெறவைக்க முடியாது, பொரளைப் பக்கத்துப் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெட்டித்தான் எடுக்கவேண்டும். பன்னீர்க்குடம் உடையாதவரை நேரம் இருக்கிறது, உடைந்துவிட்டால் இல்லை.

எங்கள் கையில் இருந்தது அந்த ஒரு கார்தான். என் கணவர் எல்லாவற்றையும் பூட்டி முடித்திருந்தார். நானும் நானாவின் மனைவியும் நூரியாவைத் தாங்கிக்கொண்டு வந்து பின் இருக்கையில் ஏற்றினோம். நூரியா என் மடியில் தலையை வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மச்சாள் கதவைத் திறந்து ஏறப்போனவர், நின்றார். மட்காட்டின் மேல் ஒரு நீலத் துணித்துண்டு கிடந்தது. ஒன்றுதான் கிடந்தது.

“தம்பி, மற்றத் துணி எங்க?”

“எடுத்திட்டன் எண்டுதான் நினைக்கிறன், அக்கா.”

“நினைக்கிறியோ, எடுத்தியோ?”

என் கணவர் குனிந்தார். காரின் கீழே பார்த்தார், தட்டுக்குள் பார்த்தார், கருவிப்பெட்டியைக் கவிழ்த்தார். இல்லை. மச்சாள் எஞ்சின் மூடியைத் திறந்து, நட்டுக் கழற்றும் சாவியை எடுத்து, காபரேட்டரைக் கழற்றத் தொடங்கினார்.

“டொக்டரம்மா, என்னா செய்றீங்க!” நானாவின் மனைவி அலறினார். “புள்ள கிடந்து துடிக்கிது, நீங்க துணி தேடுறீங்களா?”

“துணி உள்ளுக்கு இருந்தா எஞ்சின் அதை இழுத்துக்கொள்ளும். மருதானையைத் தாண்ட மாட்டம். நடு ரோட்டில நிண்டா, திரும்பிப் பாக்கவும் ஒரு கார் இல்லை. இங்க எண்டாக் கட்டிலாவது இருக்கு.” கை ஓடிக்கொண்டே இருந்தது. “நூரியா, தண்ணி மாதிரி ஏதும் வந்தா உடன சொல்லும். மச்சாள், நீர் அவட வயித்தில கையை வச்சுக்கொண்டிரும்.”

நான் வயிற்றில் கையை வைத்திருந்தேன். அது கல்லைப்போல இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. நானா முற்றத்தில் நின்று மெல்லிய குரலில் ஓதத் தொடங்கினார். மச்சாளின் தோளைப் பிடித்து இழுக்கவேண்டும்போல எனக்கும் இருந்தது. அவரோ அவசரப்படவில்லை. அதைக் கொஞ்சம், இதைக் கொஞ்சம் என்று, முறை மாறாமல், வழக்கம்போலத்தான் நட்டுகளை இளக்கினார். குழாய் வந்தது. முதல் துளைக்குள் விரலை விட்டார். இரண்டாவதற்குள் விட்டார். டோச் வெளிச்சம் பிடித்து இரண்டையும் பார்த்தார். குழாயைத் தூக்கி அதன் வழியாக வானத்தைப் பார்த்தார்.

“இல்லை” என்றார். “பூட்டுவம்.”

நானாவின் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். மச்சாள் நடு நட்டை முதலில் முறுக்கினார், பிறகு ஓரத்தை. எஞ்சினை ஓடவிட்டு, மூட்டு வாயில் துளி எண்ணெய் விட்டு, காற்று இழுக்கவில்லை என்பதையும் பார்த்துவிட்டுத்தான் மூடியைச் சாத்தினார். கார் ஒருதரம்கூட இருமவில்லை. சலீம் நானா சைக்கிளில் எங்கள் பின்னால் மிதித்துக்கொண்டு வந்தார். மருதானை வரை அவருடைய வெள்ளைத் தொப்பி எனக்குத் தெரிந்தது.

மருதானைச் சந்தியில் ஒரு பட்டாள லொறி வரிசைக்காக நிற்கவேண்டி வந்தது. முன் இருக்கையில் இருந்த என் கணவர் வியர்வையைத் துடைக்கக் காற்சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்தார். அது லேஞ்சி அல்ல. நீலமாக இருந்தது.

அப்போது என் மடியில் கிடந்த நூரியா, அந்த வலிக்கு நடுவிலும், களுக்கென்று சிரித்துவிட்டாள். “சிரிக்காத, வாப்பாட மகளே, குடம் உடைஞ்சிரும்” என்று தாய் அதட்ட, அவருக்கும் சிரிப்பு வந்தது. என் கணவர் பெஞ்சில் ஏறி நிற்கவைத்த பள்ளிக்கூடப் பையனைப்போல இருந்தார்.

மச்சாள் லொறிகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நல்லது, தம்பி. இப்ப ரெண்டு பக்கத்தாலயும் உறுதி” என்றார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டொக்டர் மட்டும் இருந்தார். உதவிக்கு நிற்கவேண்டியவர்களில் ஒருவர் காய்ச்சலில் கிடந்தார், மற்றவர் அன்று வேலைக்கு வரவேயில்லை. பெரிய டொக்டர் நூரியாவைப் பார்த்துவிட்டு, மச்சாளும் டொக்டர் என்று தெரிந்தவுடன் அவர் பக்கம் திரும்பினார். நீங்கள் கூட நிற்பீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார். மச்சாள் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் கறுப்பு. மணிக்கட்டு வரை எண்ணெய்.

“எனக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் வேணும்” என்றார்.

நான்தான் ஓடிப்போய் சமையற்கட்டிலிருந்து வாங்கிவந்தேன். முதலில் மண்ணெண்ணெய், பிறகு சவர்க்காரம், பிறகு பிரஷ், கிருமி கொல்லும் கார்போலிக். கழுவுகிற இடத்துக்குப் பொறுப்பாக ஒரு பறங்கிச் சிஸ்டர் நின்றார். இரும்புக்கம்பிக்குச் சட்டை போட்டதுபோல இருப்பார். மச்சாள் நீட்டிய கைகளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நோ” என்றார்.

மச்சாள் திரும்பிப்போய்த் தேய்த்தார். மறுபடி நீட்டினார். சிஸ்டர் சுண்டுவிரலின் நகத்தை விரித்துப் பார்த்தார். “நோ.”

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே நூரியா காத்திருக்கிறாள். வாசலில் நின்றபடியே, “கிளவுஸ் போடத்தானே போறா, சிஸ்டர்!” என்று கத்திவிட்டேன்.

சிஸ்டர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. “கிளவுஸ் கிழிஞ்சால்?” என்று மச்சாளைப் பார்த்துக் கேட்டார்.

அப்போது மச்சாளின் முகம் மலர்ந்ததே, அதைப்போல ஒரு மலர்ச்சியை நான் அந்த முகத்தில் கண்டதில்லை. தன்னைப்போல ஒருத்தியை அந்த ஊரில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர்போல இருந்தார். “நீங்கள் சொல்லுறது சரி, சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுத் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தார். மூன்றாம் முறை சிஸ்டர் ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். மச்சாள் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, முதுகால் கதவைத் தள்ளி, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு சத்திரசிகிச்சை அறைக்குள் போனார்.

நான் வெளியே வந்தபோது சலீம் நானா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார். உடம்பெல்லாம் வியர்வை.

“யாரு, தங்கச்சி, வெட்டுறது? வெள்ளைக்கார டொக்டரா?”

“பெரிய டொக்டர் நிக்கிறார், நானா” என்றேன். “கூட என்ட மச்சாள் நிக்கிறா.”

நானா கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் கழித்துக் கதவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையின் அழுகை கேட்டது, அடித்தொண்டையிலிருந்து, நல்ல கோபத்தோடு. பிறகு சிஸ்டர் வெளியே வந்து, பெண் பிள்ளை, தாயும் சுகம் என்று சொன்னார். நானா நிலத்தில் உட்கார்ந்து அழுதார். என் கணவர் கையில் இருந்த நீலத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் அழவில்லை. எங்கள் கோயிலுக்குப் பிஷப் மேற்றிராணியார் வந்தபோதுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.